டைனோ போட்டி: டென்வர் உயரத்தில் டர்போவுக்கும் வி8க்கும் ஒரே கணக்கு சரிவருமா?

கேள்வி:
வணக்கம். டென்வரில் நண்பர்கள் சேர்ந்து இறக்குமதி கார்கள் ஒரு பக்கம், அமெரிக்கக் கார்கள் ஒரு பக்கம் என்று டைனோ (காரை ரோலர் மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் மெஷின்) போட்டி நடத்தப் போகிறோம். சக்கரத்தில் வரும் குதிரைத்திறன்தான் கணக்கு. மெஷின் டைனோஜெட் கம்பெனியுடையது, நாலு சக்கரத்துக்கும் ரோலர் உண்டு. ஒத்திகையில் டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) உள்ள சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார்கள் எதிர்பார்த்ததற்கு மேல் காட்டின. டர்போ இல்லாத வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் மஸ்டாங் ஜிடிக்காரர்கள் மெஷினையே நம்ப முடியாது என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். எஸ்ஏஇ திருத்தம் (காற்றழுத்தம், வெப்பநிலைக்கு ஏற்ப அளவைச் சரிசெய்யும் கணக்கு) போட்டிருந்தோம். எங்கே இடிக்கிறது?

பதில் 1:
மெஷின் சரிதான், திருத்தம்தான் இடிக்கிறது. டென்வர் சுமார் 1,600 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் எஸ்ஏஇ கணக்கு அளவை ஏறத்தாழ 1.2ஆல் பெருக்கும். டர்போ இல்லாத வி8க்கு இது நியாயம், அது உண்மையிலேயே அவ்வளவு சக்தியை இழக்கிறது. டர்போ அப்படி இல்லை. வேஸ்ட்கேட் (டர்பைனுக்குப் போகும் வாயுவில் மிச்சத்தை வெளியேற்றும் வால்வு) மூடியிருக்க, டர்பைன் இன்னும் வேகமாகச் சுழன்று இழந்த அழுத்தத்தில் பெரும்பகுதியை மீட்டுவிடும். இழக்காத சக்திக்கும் சேர்த்துத் திருத்தம் கொடுத்தால், ரோலரில் 250 வந்த கார் திரையில் 300 ஆகிவிடும். மஸ்டாங்காரர்கள் கோபம் நியாயமானது.

திருத்தத்தை எடுத்துவிட்டால் வி8 அடிவாங்கும். அதனால் இரண்டு பிரிவு வையுங்கள். டர்போ, சூப்பர்சார்ஜர் (எஞ்சினே சுழற்றிக் காற்றை அழுத்தும் கருவி) உள்ளவை தனி, இல்லாதவை தனி. டர்போ உள்ள மஸ்டாங் ஈக்கோபூஸ்ட் டபிள்யூஆர்எக்ஸோடு மோதட்டும், மஸ்டாங் ஜிடி டர்போ இல்லாத லெக்ஸஸ் ஆர்சி எஃப்போடு மோதட்டும்.

பதில் 2:
அதோடு "இறக்குமதி" என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். ஹோண்டா அக்கார்ட் அமெரிக்காவிலேயே தயாராகிறது, டாட்ஜ் சேலஞ்சர் கனடாவில் தயாரானது. தொழிற்சாலையை வைத்துப் பிரித்தால் சண்டைதான் வரும். பிராண்டை வைத்துப் பிரிப்பதே நல்லது.

கியரும் முக்கியம். 1:1க்கு (கியர்பாக்ஸுக்குள் போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் சமம்) நெருக்கமான கியரில்தான் ஓட்ட வேண்டும். மேனுவல் கமாரோ எஸ்எஸ் என்றால் நாலாவது, 2015-17 மஸ்டாங் ஜிடி மேனுவல் என்றால் ஐந்தாவது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். பிரிவு இரண்டாக்கிவிட்டோம், பிராண்டு விதியும் எழுதியாச்சு. இன்னொன்று: டர்போ கார்கள் அடுத்தடுத்து ஓடும்போது இரண்டாவது ஓட்டத்தில் அளவு இறங்குகிறதே?

பதில் 1:
இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) சூடேறுவதால்தான். ஓட்டங்களுக்கு நடுவே எல்லா காருக்கும் ஒரே இடைவெளி கொடுங்கள். ஃபேனும் ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் இருக்கட்டும். பானெட் திறந்தா மூடியா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். மூன்று ஓட்டத்தின் சராசரியை எடுத்தால் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை.

அப்புறம், டைனோவின் வெப்பநிலை சென்சார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் இருந்தால் அறை சூடு என்று நினைத்துக்கொண்டு திருத்தத்தை ஏற்றிவிடும். எஞ்சின் உறிஞ்சும் காற்றைத்தான் அது அளக்க வேண்டும், அதனால் காருக்கு முன்னால், எஞ்சின் சூடு படாத இடத்தில் மாட்டுங்கள். முதல் கார் ஏறும் முன் இரு தரப்பிலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.