சிவப்புத் துருக்கித் தொப்பி போட்ட அந்த வெள்ளைக்காரர் யார்?

கல்முனைக்காரன்:
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். கனகாலமாக ஒருவரைத் தேடுகிறேன். பெயர் தெரியாததால் எப்படித் தேடுவது என்றும் தெரியவில்லை.

1986-இல் வாப்பா குவைத்திலிருந்து வரும்போது ஒரு வீடியோ டெக்கும் நாலைந்து கசெட்டும் கொண்டுவந்தார். ஒன்றின் முதுகில் நீலப் பேனையால் ‘இங்கிலீஷ் பகிடி’ என்று எழுதியிருக்கும். அதில் வருவார் ஒருவர். நம் வீட்டு நிலையில் தலை முட்டும் உயரம், பெரிய பாதம், தலையில் கறுப்புக் குஞ்சம் தொங்கும் சிவப்புத் துருக்கித் தொப்பி. மேஜிக் காட்டத்தான் வருவார், ஆனால் ஒன்றும் சரிவராது. மேசையில் ஒரு போத்தல், ஒரு கிளாஸ். இரண்டையும் குழாயால் மூடி, இது அங்கே போகும், அது இங்கே வரும் என்று கையைக் காட்டுவார். திறந்தால் இரண்டு போத்தல். திரும்ப மூடித் திறந்தால் இன்னுமொன்று. கடைசியில் மேசை நிறையப் போத்தல், இவர் முழித்துக்கொண்டு நிற்பார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இங்கிலீஷ் விளங்காது. சிரித்துச் சிரித்து வயிறு நொந்ததுதான் மிச்சம்.

பிரச்சினை என்னவென்றால், எங்கள் மூத்தாப்பா கலியாண வீடுகளுக்கு அதே தொப்பியைத்தான் போட்டுக்கொண்டு போவார். அவர் பள்ளியிலிருந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டாலே வாப்பா டெக்கை நிறுத்திவிடுவார். நம்மைத்தான் பகிடி பண்ணுகிறான் என்று நினைத்துவிடுவாரே என்ற பயம். ஒருநாள் நிறுத்தப் பிந்திவிட்டது. மூத்தாப்பா கதவடியில் நின்று பார்த்தார், ஒன்றும் பேசாமல் அறைக்குள் போனார். அவர் கோபித்துக்கொண்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

யார் இவர்? அந்தத் தொப்பியை ஏன் போட்டார்?

பாடும்மீன்:
டொமி கூப்பர், தம்பி. சந்தேகமே இல்லை. 1921-இல் வேல்ஸில் பிறந்தவர், ஆறடி நாலு அங்குலம். யுத்தகாலத்தில் பட்டாளத்தோடு எகிப்தில் இருந்தார். கெய்ரோவில் ஒரு நிகழ்ச்சிக்குத் தன் ஹெல்மெட் தொப்பியை மறந்துவிட்டு வந்து, பக்கத்தால் போன வெயிட்டரின் தலையில் இருந்ததைப் பறித்துப் போட்டாராம். கூட்டம் சிரித்தது. அதன்பிறகு அவர் அதைக் கழற்றவில்லை. உங்கள் மூத்தாப்பாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் கோட்டைமுனைக்காரன், 1983 கடைசியில் லண்டன் வந்தவன். 1984 ஏப்ரல் 15, ஞாயிறு இரவு, நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் டீவி பார்த்துக்கொண்டிருந்தோம். ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டரிலிருந்து நேரடி ஒளிபரப்பு. ஒரு பெண் வந்து அவருக்குப் பெரிய அங்கி ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள். அவர் மெல்லத் திரைச்சீலையில் சாய்ந்து கீழே இருந்துவிட்டார். தியேட்டரே சிரித்தது. அவர்தான் எப்போதும் எதையாவது பிழைவிடுகிறவராயிற்றே. விளம்பரம் போட்டார்கள். மாரடைப்பு, வயது 63. நாங்களும் சிரித்தோம் தம்பி. நான்தான் பலமாகச் சிரித்தேன்.

அதற்கு ஆறு கிழமை கழித்து எரிக் மோர்கம்பும் ஒரு மேடை நிகழ்ச்சி முடிந்த கையோடு விழுந்து போய்விட்டார். மோர்கம்ப் அண்ட் வைஸ் என்ற பகிடிச் சோடியில் கண்ணாடி போட்டவர். அந்த வருடம் அப்படி.

அக்கரைப்பற்று மேஜிக் சேர்:
பாடசாலை விழாக்களில் மேஜிக் செய்கிறவன் நான், அதனால் ஒன்று சொல்லவேண்டும். அவருக்கு மேஜிக் தெரியாது என்று யாரும் நினைக்கவேண்டாம். மேஜிக்காரர்களின் சங்கமான லண்டன் மேஜிக் சர்க்கிளில் அங்கத்தவராக இருந்தவர் அவர். போத்தல்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்லமாட்டேன், தொழில் தர்மம். ஆனால் அவ்வளவையும் ஒளித்துவைத்து, சரியான நேரத்தில், தெரியாமல் நடந்ததுபோல் வெளியே எடுக்கவேண்டும். சரியாகச் செய்வதைவிட அது கஷ்டம். நாலு தந்திரம் பிழைத்து ஐந்தாவதைச் சுத்தமாகச் செய்து காட்டுவார். அப்போது கூட்டம் சிரிக்கவும் மறந்துவிடும்.

நானும் ஒருமுறை வேண்டுமென்றே பிழைவிட்டுப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த ரெண்டாம் வகுப்புப் பிள்ளை எழுந்து, “பரவாயில்ல சேர், வீட்ட போய்ப் பழகிட்டு வாங்க” என்றது. அதோடு விட்டுவிட்டேன்.

சம்மாந்துறை ரிட்டயர்:
மூத்தாப்பாவின் பக்கத்தையும் பாருங்கள். 1905-இல் அப்துல் காதர் என்ற அட்வகேட் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது நீதிபதிகள் மறுத்தார்கள். கொழும்பு மருதானையில் முஸ்லிம்கள் திரண்டு கூட்டம் போட்டுப் போராடித்தான் அந்த உரிமையை எடுத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வெறும் தொப்பி இல்லை. உங்கள் வாப்பா பயந்ததில் நியாயம் இருக்கிறது.

சும்மா_வந்தவன்:
தலைப்புக்கு வெளியேதான், மன்னிக்கவும். அதே காலத்து ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற இங்கிலீஷ் டீவி நாடகத்தில் தலைப்பாகையோடு ரஞ்சித் சிங்காக வந்து ஆயிரம் மன்னிப்புக் கேட்பாரே, அந்த ஆல்பர்ட் மோசஸ் நம் கம்பளையில் பிறந்தவர். யாரும் நம்புகிறார்கள் இல்லை.

கல்முனைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பாடும்மீன் அண்ணே, நீங்கள் எழுதியதை வாசித்துக் கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டேன்.

வாப்பாவுக்கு இப்போது 79. மஃரிபுக்குப் பிறகு போனில் போட்டுக் காட்டினேன். பார்த்த உடனே, “இந்தாளா!” என்று எழும்பி இருந்தார். அன்றைக்கு மூத்தாப்பா ஏன் உள்ளே போனார் என்று கேட்டேன். அலுமாரியைத் திறந்து தன் தொப்பி இருக்கிறதா என்று பார்க்கப் போனாராம். “அவன் தலையில இருந்தது என்ட தொப்பி மாதிரியே இருந்திச்சி, அதான் பார்த்தேன்” என்று மூத்தம்மாவிடம் சொன்னாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாரா என்று கேட்டேன், அது வாப்பாவுக்கு ஞாபகம் இல்லை.

அப்புறம் போத்தல்களை எண்ணத் தொடங்கினார். மூன்றுதரம் போட்டுக் காட்டியும் கணக்கு ஒத்துவரவில்லை. நாலாம் தரத்துக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.