கேப் கிரேடட் கலவைக்கு 'நடுவிலிக் கலவை'

ஐயா, வணக்கம்.

சாலைக்குப் போடும் தார்க்கலவையில், நடுப்பருமன் ஜல்லியை மிகவும் குறைத்துச் செய்யும் 'கேப் கிரேடட்' வகைக்கு 'இடைவெளித் தரக் கலவை' என்று முன்மொழிந்திருந்தீர்கள். அதில் இரண்டு சொற்களுமே எனக்கு உறுத்துகின்றன.

முதலில் 'தரம்'. விஜி-30, விஜி-40 (விஜி என்றால் விஸ்காசிட்டி கிரேடு) என்று தாரைப் பிரிக்கும்போது அது பொருந்தும். அங்கே பார்ப்பது 60 டிகிரி செல்சியஸில் தாரின் பாகுத்தன்மையை. கலவையில் கிரேடிங் என்பது எந்தப் பருமன் ஜல்லி எவ்வளவு என்ற கணக்கு மட்டுமே. வேளச்சேரிப் பக்கம் ஒரு சாலை வேலைக்கு வந்த தமிழ்க் குறிப்பில், தண்ணீர் இறங்கும்படி துளை விட்டுச் செய்யும் 'ஓப்பன் கிரேடட்' கலவையைத் 'திறந்த தரம்' என்று எழுதியிருந்தார்கள். மேஸ்திரி அதைப் படித்துவிட்டு, "மட்டமான சரக்கா சார்?" என்று என்னிடம் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து 'இடைவெளி'. இது இன்னும் சிக்கல். உருட்டி முடித்த கலவைக்குள் தங்கும் காற்றிடைவெளியை நாம் எப்போதும் அப்படித்தான் சொல்கிறோம். வழக்கமான மேல்தளக் கலவையின் வடிவமைப்பில் அது 3 முதல் 5 சதவீதம். கேப் கிரேடட் வகையான ஸ்டோன் மேட்ரிக்ஸ் அஸ்பால்ட்டிலும் ஏறக்குறைய 4 சதவீதம்தான். 'இடைவெளிக் கலவை' என்று பெயர் வைத்தால், தண்ணீர் இறங்கும் ஓட்டைக் கலவை என்றே படிப்பவர் நினைப்பார்.

அதே மேஸ்திரி சூடாக இறங்கிய கேப் கிரேடட் கலவையைக் கரண்டியில் அள்ளிக் காட்டினார். பெரிய ஜல்லி ஒன்றையொன்று முட்டி நிற்கிறது, சுற்றிலும் தாரும் பொடியும் பசையாக. "நடு சைஸ் இல்ல சார்," என்றார். சொல் அங்கேயே இருக்கிறது: நடுவிலிக் கலவை. கம்பியிலி என்று ஏற்கெனவே புழங்குகிறோமே. நடுப்பருமன் அடியோடு இல்லாமல் போவதில்லை, மிகக் குறைவு என்பது உண்மைதான். பெயருக்கு இது போதும்.

பேருந்துகள் பிரேக் போட்டு நிற்கும் நிறுத்தங்களில் தடம் பள்ளமாகாமல் தாங்குவது இந்த வகைதான், கல்லோடு கல் முட்டிச் சுமையை வாங்கிக்கொள்வதால். தார் வழிந்துவிடாமலிருக்க 0.3 சதவீத அளவில் செல்லுலோஸ் நார் சேர்ப்பார்கள்.

டென்ஸ் கிரேடடுக்கு 'அடர்கலவை' போதும். முக்கால் ஜல்லி இடுக்கில் அரை ஜல்லி, அதன் இடுக்கில் சிப்ஸ், அதிலும் கிரஷர் பவுடர் என்று நெருங்கி நிற்கும். தெருக்களுக்கு அது சரி. ஓப்பன் கிரேடடுக்கு 'ஊடுவெளிக் கலவை'. நம்மூர் மழையில் அடித்து வரும் மண் அதன் துளைகளை அடைத்துவிடும் என்பது வேறு கவலை.

கிரேடிங்குக்கு 'அடுக்கு' என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். சாலையில் அடுக்கு என்றால் தளம்தான். 'பருமன் பகிர்வு' என்று வைத்துக்கொள்ளலாமா?