மாடியில டவரா? (பட்டுக்கோட்டை வீடு குரூப்பு)

அக்டோபர் 5, ஞாயிறு

வசந்தி அத்தை: டேய் முரளி மாடில செல்போன் டவர் வக்கிறியாமே

வசந்தி அத்தை: எதிர்வீட்டு டீச்சரக்கா இப்பதான் போன் பண்ணாங்க. தெருவே பேசுதாம். மாசாமாசம் வாடகை வருமாமே, அம்மாட்டயாவது சொன்னியா

கார்த்தி: வாடகையா

அப்பா: எந்த கம்பெனி

சாந்தி சித்தி: கம்பெனியும் இல்ல வாடகையும் இல்ல. ரெண்டு நாளா பித்தளை கம்பிய வச்சு அளந்துகிட்டு இருக்காரு. என் தையல் டேப்ப காணும்

முரளி சித்தப்பா: அக்கா டவர் இல்ல. ஆன்டெனா. ஹாம் ரேடியோவுக்கு, போன் லைன் இல்லாம நாமளே ஊருக்கு ஊரு பேசிக்கிற ரேடியோ. லைசென்ஸ் வந்தது உங்க எல்லாருக்கும் போட்டோ போட்டனே, யாரும் பாக்கலயா

நான்: பாத்தேன் சித்தப்பா. வியு3ன்னு ஆரம்பிக்கிற கால்சைன், ரேடியோல உங்க பேரு மாதிரி

அப்பா: நான் ரேஷன் கார்டுன்னு நெனச்சேன்

பெரியப்பா: மாடில எங்க வக்கிற. தரைல ஓட்டை போட்டியா இல்லையா அத மட்டும் சொல்லு

முரளி சித்தப்பா: இன்னும் போடல அண்ணே

பெரியப்பா: "இன்னும்"

பெரியப்பா: அந்த ஓடு பதிச்சது 2019ல. கஜாக்கு அப்பறம் ஒழுகுன மாடிய யாரு காசு போட்டு சரி பண்ணதுன்னு எல்லாருக்கும் தெரியும். நான் கணக்கு கேக்கல. ஓட்டை போடாதன்னு மட்டும் சொல்றேன்

அப்பா: அண்ணே அது இப்ப எதுக்கு

வசந்தி அத்தை: 26ஆம் தேதி திவ்யா வளைகாப்பு அதே மாடில தான. பந்தக்காரன் வேற அட்வான்ஸ் வாங்கிட்டான். அந்த கம்பம் நடுவுல நின்னா எப்படி

திவ்யா: அத்தை எனக்கு கீழ முற்றத்துல வச்சாலும் ஓகே தான்

வசந்தி அத்தை: நீ சும்மா இரு

வசந்தி அத்தை: முரளி இன்னொன்னு. மாசமா இருக்க புள்ள, கதிர்வீச்சு அது இதுங்குறாங்க. இடி வேற இழுக்குமாம்

முரளி சித்தப்பா: அக்கா ஒவ்வொண்ணா சொல்றேன் கொஞ்சம் பொறுமையா படி. செல்போன் டவர் நாள் பூரா ராத்திரி பூரா ஓடிகிட்டே இருக்கும். என் ரேடியோ நான் மைக் பட்டன அமுக்கி பேசுறப்ப மட்டும் தான் அலைய வெளிய விடும், மத்த நேரம் கேக்கும் அவ்வளவுதான். 25 வாட்ஸ், நம்ம முற்றத்து பல்பு சைஸ். எக்ஸ்ரே மாதிரி உடம்புக்குள்ள போயி அணுவுலேர்ந்து எலக்ட்ரான பிடுங்குற வகை இல்ல இது. ஆனா கிட்டத்துல நிக்கக்கூடாதுங்குறது உண்மை, அதனால தான் தலைக்கு மேல உயரத்துல கொண்டு போறேன். திவ்யா குட்டி வர்ற அன்னைக்கு ரேடியோவோட வயரையே கழட்டி வச்சிடுறேன், அதுக்கு மேல என்ன வேணும்

திவ்யா: சித்தப்பா எனக்கு பயம் இல்ல

முரளி சித்தப்பா: இடி விஷயம் வேற. காந்தம் மாதிரி இழுக்காது. ஆனா தெருவுல உயரமா எது நிக்குதோ, தென்னமரமோ கம்பமோ, விழுந்தா அதுல விழலாம். அதுக்கு தான் கம்பத்துக்கு அடியில இருந்து தடி செம்புப்பட்டைய நேரா கீழ எறக்கி கெணத்தடி ஈரத்துல எர்த் கம்பி அடிக்கிறேன், வீட்டு ஈபி எர்த்தோடயும் சேத்து. கேபிள் வீட்டுக்குள்ள நுழையிற எடத்துல அரஸ்டர், மின்னல் கரண்ட உள்ள விடாம தரைக்கு திருப்புறது. அதெல்லாம் இருந்தாலும் மேகம் கருத்தா கேபிள கழட்டி சன்னலுக்கு வெளிய போட்டுடணும், அது தான் முதல் பாதுகாப்பு. மத்ததெல்லாம் அதுக்கு அப்பறம்

கார்த்தி: மாமா ஆன்லைன்ல பைபர் கிளாஸ் ஆன்டெனா இருக்கு பாத்தீங்களா, டயமண்ட் எக்ஸ்510. 5 மீட்டர் நீளம். செம கெயின்

முரளி சித்தப்பா: மாப்ள பாத்தேன். வச்சிருக்கவங்க நல்லா தான் சொல்றாங்க. கெயின்னா என்ன, பவர புதுசா உண்டாக்குறதில்ல, வட்டமா போறத தட்டையா அமுக்கி அடிவானத்துப் பக்கம் தள்ளுறது. அது சரி. ஆனா நான் எதுக்கு வக்கிறேன்? புயலுக்கு. 5 மீட்டர் நீளத்துல ஒரு கம்பு மேல நின்னா காத்து அத புடிச்சு ஆட்டும், கஜா மாதிரி ஒண்ணு வந்தா ரெண்டா ஒடியும், பட்டுக்கோட்டைல அன்னைக்கு எங்க போயி வாங்குவ? நான் கிரவுண்ட் பிளேன் பண்றேன். வெல்டிங் கடைல கெடைக்குற பித்தளை ராடு, நட்டுக்க ஒண்ணு, கீழ சுத்தி நாலு, நாலும் 45 டிகிரி சாஞ்சு. ஒவ்வொண்ணும் 49 சென்டிமீட்டர். நான் பேசப்போறது 145 மெகாஹெர்ட்ஸ்ல, 300ஐ அந்த 145ஆல வகுத்தா அலை நீளம் 2.07 மீட்டர், அதுல கால் பங்கு, கம்பிங்குறதால அதுல ஒரு 5 சதவீதம் கம்மி, அவ்வளவு தான் கணக்கு. ஒடிஞ்சா அரை மணி நேரத்துல இன்னொண்ணு கட்டிடலாம். புயல் அறிவிப்பு வந்தா ஒரு ஆளே எறக்கி உள்ள வச்சிட்டு, காத்து நின்னதும் ஏத்திடலாம். காத்து நின்ன பிறகு தான் அது வேலை செய்யணும்

கார்த்தி: ஓ

அப்பா: முரளி இவ்வளவு பெருசா எழுதுனா போன் சூடாவுது

நான்: கம்பம் எது சித்தப்பா? புதுசா?

முரளி சித்தப்பா: நம்ம ரூபவாஹினி பைப்பு தான், சிலோன் டிவி பாக்க நட்டது

அப்பா: அடேய் அது இன்னுமா இருக்கு

வசந்தி அத்தை: அப்பா நட்ட பைப்பா

பெரியப்பா: அது நானும் அப்பாவும் சேந்து ஏத்துனது. 1984. ஒன்றரை இஞ்சு ஜிஐ. நீங்க ரெண்டு பேரும் கீழ நின்னு தெரியுது தெரியலன்னு கத்துனீங்க

வசந்தி அத்தை: முரளி எப்பவும் "தெரியுது"ன்னு பொய் சொல்லுவான். கோடா ஓடும்

அப்பா: தெருவுல பாதி பேரு நம்ம வீட்டுல தான பாத்தாங்க. சிங்கள நியூஸ கூட விடாம பாப்பாங்க

கார்த்தி: அப்ப அந்த பழைய மீன்முள்ளு ஆன்டெனாவையே யூஸ் பண்ணலாமே

முரளி சித்தப்பா: அது டிவி அலைவரிசைக்கு வெட்டுன நீளம் மாப்ள. இன்னொண்ணு அது படுத்துகிட்டு இருக்கும், ஒரு திசைய பாத்துகிட்டு. இங்க எல்லாரும் கம்பிய நட்டுக்க வச்சு பேசுறாங்க. ஒருத்தர் நட்டுக்க ஒருத்தர் படுக்கன்னா சிக்னல் நூறுல ஒரு பங்கா கூட விழும். பைப்ப மட்டும் எடுத்துக்குறேன், அடி துரு புடிச்சிருக்கு, அத 2 அடி அறுத்துட்டு மேல் பக்கம் நல்லாருக்கு

சாந்தி சித்தி: உங்கம்மா அதுல தான் கொடி கட்டி துணி காயப்போடுறாங்க. அதயும் சொல்லுங்க

அப்பா: அதான பாத்தேன்

வசந்தி அத்தை: தீபாவளிக்கு அதிரசம் யாரு பண்றா? போன தடவ மாதிரி கடைசி நேரத்துல என் தலைல கட்டாதீங்க

சாந்தி சித்தி: மாவு நான் இடிச்சுத் தர்றேன் அண்ணி. பாகு நீங்க தான். எனக்கு பதம் தப்பிடும்

வசந்தி அத்தை: சரி. வெல்லம் இங்க தஞ்சாவூர்லேர்ந்து எடுத்தாறேன்

பெரியப்பா: ஈபி லைன் எந்தப் பக்கம் போவுது

முரளி சித்தப்பா: தெருப் பக்கம் அண்ணே. அதனால பின்பக்கம் தான். கம்பம் எந்தப் பக்கம் சாஞ்சு விழுந்தாலும் ஈபி கம்பில படக்கூடாது, அளந்துட்டேன். அதுக்கு தான் சாந்தியோட டேப்ப எடுத்தேன்

சாந்தி சித்தி: எங்க வச்சீங்க

அப்பா: ஏன்டா இதெல்லாம் இருக்கட்டும். கைல போன் இருக்கு, வீட்டுக்கு வீடு வைபை இருக்கு. யாருகிட்ட பேசப்போற இதுல

முரளி சித்தப்பா: அண்ணே நீங்களே கேக்குறீங்களா

முரளி சித்தப்பா: 2018 நவம்பர் 16 வெள்ளிக்கிழமை விடிகாலை கஜா அடிச்சுது. நான் மெட்ராஸ்ல. வியாழன் ராத்திரி 11 மணிக்கு அம்மாட்ட பேசுனேன், காத்து சத்தம் கேக்குதுடான்னா, அப்பறம் லைன் போச்சு. வெள்ளி, சனி, ஞாயிறு. டெலிபோன் டிபார்ட்மெண்டுல 34 வருஷம் வேலை பாத்தவன் நான், எனக்கு தெரிஞ்ச எக்ஸ்சேஞ்சு அத்தனைக்கும் அடிச்சேன். டவருக்கு கரண்டு இல்ல, டீசல் கொண்டு போக ரோடு இல்ல. மூணு நாளு எங்கம்மா இருக்காளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஊருக்கே லைன் இழுத்துக் குடுத்தவன் எங்க வீட்டுக்கு ஒரு லைன் புடிக்க முடியல. அன்னைக்கு முடிவு பண்ணது இது. ரிட்டயர் ஆனதும் சின்னப் பசங்களோட உக்காந்து ஏஎஸ்ஓசி பரீட்சை, அதான் ஹாம் லைசென்ஸ் பரீட்சை, எழுதுனேன். வேற எதுக்கும் இல்ல

கார்த்தி: மாமா

அப்பா: தெரியாம கேட்டுட்டேன்டா

பெரியப்பா: அன்னைக்கு நான் தான் போனேன்

முரளி சித்தப்பா: ஆமா அண்ணே நீங்க தான் போனீங்க

பெரியப்பா: திருச்சிலேர்ந்து டூவீலர்ல. ஒரத்தநாடு தாண்டுனதும் ரோடு இல்ல, மரம் தான். வண்டிய ஒரு வீட்டு வாசல்ல போட்டுட்டு நடந்தேன். வழி பூரா தென்ன குப்புற கெடக்கு. நம்ம தெரு எதுன்னே அடையாளம் தெரியல. கோயில் கலசத்த வச்சு கண்டுபுடிச்சேன்

பெரியப்பா: அம்மா கொல்லைல இருந்தா. 14 மரத்துல 12 விழுந்துடுச்சு. விழுந்த காய எல்லாம் சின்னது பெருசு பாத்து செவுத்தோரமா அடுக்கிகிட்டு இருந்தா. நாலு பங்கா. உனக்கு ஒண்ணு முரளி

பெரியப்பா: அத உங்ககிட்ட சொல்ல எனக்கு போன் இல்ல. அடுத்த நாள் தஞ்சாவூர் திரும்பி தான் பேசுனேன்

வசந்தி அத்தை: இத நீ சொல்லவே இல்லயேண்ணே இத்தன வருஷமா

பெரியப்பா: என்ன சொல்றது

நான்: பெரியப்பா

(பெரியப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

அக்டோபர் 6, திங்கள்

பெரியப்பா: இப்ப வச்சா எவ்வளவு தூரம் எடுக்கும்

முரளி சித்தப்பா: அண்ணே குட்மார்னிங். மாடி 7 மீட்டர், பைப்பு அதுக்கு மேல 5, ஆக 12 மீட்டர். அந்த உயரத்துக்கு ரேடியோவோட அடிவானம் 14 கிலோமீட்டர். எதிர்ல உள்ளவரும் அதே உயரத்துல வச்சிருந்தா 28. நம்ம ஊரு தட்டை, மலை கிடையாது, அது நல்லது. அதிராம்பட்டினம் சுத்தமா கேக்கும், முத்துப்பேட்டை கூட புடிக்கலாம். உயரம் தான் எல்லாம், பவர் இல்ல. 25 வாட்ஸ 50 ஆக்குறதுக்கு 3 மீட்டர் ஏத்துறது மேல்

பெரியப்பா: திருச்சி?

முரளி சித்தப்பா: அதுக்கு இந்த குச்சி போதாது. அதுக்கு இன்னொரு ஆன்டெனா, 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல். சாதா செம்பு வயர் தான், மொத்தம் 20 மீட்டர், நடுவுல கேபிள், பக்கத்துக்கு 10. அதே பைப்புல நடுவ ஏத்தி ரெண்டு முனையையும் சாச்சு கட்டுவேன், கூரை மாதிரி. ஒரு முனை மிச்சமிருக்குற தென்னமரத்துல, இன்னொண்ணு கெணத்துத் தூணுல. ரொம்ப உயரம் இல்லாததால சிக்னல் நேரா மேல போயி வானத்துல பட்டு குடை மாதிரி கீழ எறங்கும், பகல்ல திருச்சி மெட்ராஸ் எல்லாம் அந்த குடைக்குள்ள. ராத்திரி ஆனா அது தாண்டிப்போயிடும், கிட்டத்துல கேக்காது, தூரத்துல கேக்கும். 2004 சுனாமி அப்ப போர்ட்பிளேர்ல ஒரு ஹாம் குழு வேற வேலையா வந்து தங்கியிருந்தாங்க, அந்தமான்லேர்ந்து சொந்தக்காரங்களுக்கு எத்தனையோ சேதி அவங்க ரேடியோல தான் வந்துச்சு

அப்பா: தென்னமரம் ஆடுமே, வயர் அந்துடாது?

முரளி சித்தப்பா: நல்ல கேள்விண்ணே. முனைய இறுக்கி கட்டக்கூடாது. மரத்துல ஒரு கப்பி, அது வழியா நைலான் கயிறு, கயித்து நுனில ஒரு செங்கல். மரம் ஆடுனா செங்கல் ஏறி எறங்கும். வயருக்கு இழுவை வராது

சாந்தி சித்தி: கப்பிக்கு தான் கெணத்து ராட்டினத்த கழட்டிட்டாரு

வசந்தி அத்தை: அம்மாவோட ராட்டினத்தையா!!

முரளி சித்தப்பா: சுத்தமா எண்ணெ போட்டு வச்சிருக்கேன் அக்கா. மோட்டார் போட்டு 20 வருஷம் ஆச்சு

கார்த்தி: மாமா கேபிள் நான் சென்னைல வாங்கி அனுப்பவா. ஆர்ஜி58 சீப்பா இருக்கு

முரளி சித்தப்பா: அது மட்டும் வேணாம் மாப்ள. மாடிலேர்ந்து ரூமுக்கு 20 மீட்டர். 145ல அந்த ஒல்லி கேபிள்ல 20 மீட்டர் போறதுக்குள்ள பாதிக்கு மேல பவர் அதுலயே செத்துடும், 25 விட்டா மேல 10 தான் போவும். ஆர்ஜி213 வாங்கு, தடி. அதுல மூணுல ஒரு பங்கு தான் வீணாப் போவும். ஆன்டெனால மிச்சம் புடிச்ச காச கேபிள்ல போடணும். இணைப்புல தண்ணி எறங்காம சுத்துற ரப்பர் டேப்பும் ரெண்டு ரோல், பருவமழைக்கு அது இல்லன்னா ஒரே மாசம் தான்

அப்பா: மொத்தம் எவ்வளவு ஆச்சு

முரளி சித்தப்பா: பைப்பு இருக்கு, ராடு இருக்கு, பேட்டரியும் சோலாரும் போன வருஷமே இருக்கு

சாந்தி சித்தி: பில்லு என்கிட்ட இருக்கு

அப்பா: புரிஞ்சிது

வசந்தி அத்தை: சரி எல்லாம் சரி. வளைகாப்பு முடிஞ்சு ஏத்து. 27ஆம் தேதி ஏத்து யாரு வேணாங்குறா

முரளி சித்தப்பா: அக்கா மழை அதுக்குள்ள ஆரம்பிச்சிடும். ஈர மாடில கம்பம் ஏத்துறது தான் ஆபத்து. தீபாவளிக்கு முன்னாடி காஞ்ச நாளா பாத்து ஏத்திடணும். கம்பத்த சாயாம புடிக்கிற இழுவைக் கம்பிய பந்தலுக்கு தடையில்லாம மூணு மூலைக்கு கொண்டு போறேன்

வசந்தி அத்தை: பொம்பளைங்க புடவைல மாட்டும்

முரளி சித்தப்பா: தலைக்கு மேல தான் போவும்

திவ்யா: அதுல மஞ்ச துணி சுத்தி பூ கட்டிடலாம் அத்தை

வசந்தி அத்தை: ம்

பெரியப்பா: தரைல ஓட்டை கிடையாது. கைப்பிடிச் சுவத்துல ரெண்டு கிளாம்பு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. சுவரு கருங்கல்லு, தாங்கும். கிளாம்பு நான் இங்க பட்டறைல அடிச்சு எடுத்தாறேன். பைப்போட வெளிச்சுற்றளவு அளந்து அனுப்பு

முரளி சித்தப்பா: அண்ணே

முரளி சித்தப்பா: அனுப்புறேன்

பெரியப்பா: 12ஆம் தேதி வர்றேன்னு வச்சுக்க. நான் வராம ஏத்தாத. 84லயும் நான் தான் ஏத்துனேன்

அப்பா: 12 எனக்கு முடியாது, கல்யாணம் ஒண்ணு இருக்கு

வசந்தி அத்தை: இன்னும் நான் சரின்னு சொல்லல

கார்த்தி: எதிர்வீட்டு டீச்சருக்கு யாரு சொல்றது

சாந்தி சித்தி: அவங்க மாடிக்கே வந்து பாத்துட்டு போயிட்டாங்க. வாடகை இல்லன்னதும் பாவம்னு சொல்லிட்டு போனாங்க

சாந்தி சித்தி: உங்கம்மா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் படிக்கச் சொல்லி கேட்டாங்க. ரெண்டு விஷயம் சொல்லச் சொன்னாங்க

சாந்தி சித்தி: ஒண்ணு, ரேடியோவ முரளி மட்டும் கத்துகிட்டா அவன் இல்லாதப்ப என்ன பண்றது, எந்த பட்டன்னு எனக்கும் காட்டச் சொல்லுங்குறாங்க

முரளி சித்தப்பா: அம்மாவ பரீட்சை எழுத சொல்லணும். லைசென்ஸ் இல்லாம பட்டன அமுக்கக்கூடாது. கேக்கலாம், நான் பக்கத்துல இருந்தா

அப்பா: 86 வயசுல பரீட்சையா

முரளி சித்தப்பா: 12 வயசுக்கு மேலன்னு தான் ரூல். அதுக்கு மேல எவ்வளவுன்னு போடல

நான்: அப்ப ரெண்டாவது என்ன சித்தி

சாந்தி சித்தி: கொடிக்கயித்த அவுத்தது யாருன்னு கேக்குறாங்க. ஈரத்துணி கூடைலயே கெடக்கு