செஞ்சிக்கோட்டையில ஷூட்டிங் போனவங்க இருக்கீங்களா? மறக்கமுடியாத ஒண்ணச் சொல்லுங்க

ஏழாவது_ஏடி:
நானே ஆரம்பிக்கிறேன். முந்தின நாள் ஏலகிரி, மறுநாள் பாண்டிச்சேரி, நடுவுல ஒரே ஒரு நாள் செஞ்சி. கோட்டையிலயே உயரமான மலை ராஜகிரி, அது உச்சியில பாட்டுக்கு நாலு ஷாட். ஜெனரேட்டர் மேல ஏறாது, அதனால பேட்டரி லைட்டும் தெர்மோகோலும்தான். கடைசி வாசலுக்கு முன்னாடி பாறை ரெண்டா பிளந்து கிடக்குமே, அந்தப் பாலத்துகிட்ட ஹீரோயின் முகத்துக்கு பவுன்ஸ், அதான் வெளிச்சத்தத் திருப்பிவிடுற தெர்மோகோல் அட்டை, பிடிச்சிட்டு நின்னேன். திடீர்னு ஒரு காத்து. கையிலிருந்து பிடுங்கிட்டுப் போயிடுச்சு. போன வேகத்துக்கு விழவும் இல்ல, தோசையத் திருப்பிப் போடுற மாதிரி புரண்டு புரண்டு பள்ளத்துல இறங்குச்சு. மொத்த யூனிட்டும் வேடிக்கை பாக்குது.

குடை பிடிச்சு உக்காந்திருந்த தொல்லியல் துறை வாட்ச்மேன் எழுந்து வந்தார். "அத எடுத்துட்டு வந்துட்டு அடுத்த ஷாட் வைங்க." மேனேஜர் பாக்கெட்ல கைய விட்டார். "காசு வேணாம் சார், அந்த அட்டைதான் வேணும்."

நான்தான் இறங்கினேன். சப்பாத்திக்கள்ளி, காரை முள்ளு. ஒண்ணரை மணி நேரம் கழிச்சு மூணு துண்டா கொண்டுவந்து கொடுத்தேன். மனுஷன் தரையில வெச்சுப் பொருத்திப் பாத்தார். "மூலையில ஒரு துண்டு காணோமே தம்பி?" முன்னாடியே உடைஞ்சிருந்துச்சுன்னு சொல்லிட்டேன். பொய். அது இன்னும் அந்தப் பள்ளத்துலதான் கிடக்கும்.

லைட்மேன்_25வருஷம்:
தம்பி, மலை உச்சிக்குத் தெர்மோகோல் கொண்டுபோகச் சொன்னது எவன்? தேசிங்குராஜா கட்டின கோட்டைல காத்து எப்படி அடிக்கும்னு தெரியாதா? எனக்கு அங்க ஒரு தடவ செருப்பு அறுந்துச்சு, வெறுங்கால்ல பாறைல இறங்கினேன், உள்ளங்கால் ரெண்டும் கொப்புளம். அவ்வளவுதான் என் கதை.

இனிமே போறவங்க கேட்டுக்கோங்க. பவுன்ஸுக்கு வெள்ளத் துணி, நாலு மூலைக்கும் கயிறு, கயிறுக்கு ஆள். முந்தின ராத்திரியே செஞ்சி டவுன்ல தங்கிடணும். 800 அடி மலை, வெயில் ஏறினப்புறம் லென்ஸ் பெட்டியத் தூக்கிட்டு ஏறினா பாதி வழியில ஆள் உக்காந்துடுவான். பதினோரு மணிக்கு மேல பாறைலேருந்து வர்ற சூட்டுக்கு கேமராவுக்குத் தனியா குடை வேணும். டிபன் பொட்டலத்தத் திறந்து வெக்காதீங்க, குரங்கு நிக்குது. அனுமதி சமாச்சாரம் தனி: 1959 தொல்லியல் விதிப்படி நினைவுச்சின்னத்துக்குள்ள படம் பிடிக்க லைசென்ஸ் வேணும். ட்ரோனுக்கு அது பத்தாது, வேற அனுமதி. ஆளுக்கு ரெண்டு பாட்டில் மோர். முட்டி வலி உள்ளவன கீழ கல்யாண மகால்லயே நிறுத்திடுங்க. இன்னொண்ணு...

செஞ்சிக்காரன்:
அண்ணே, இன்னொண்ணு இருக்கட்டும். தேசிங்கு கோட்டையக் கட்டலண்ணே. கட்ட ஆரம்பிச்சது கோன்மாருங்க, பெருசாக்குனது விஜயநகரத்து ஆளுங்க, நாயக்கருங்க. 1677ல சிவாஜி புடிச்சாரு. 1690லேருந்து 1698 வரிக்கும் மொகலாயப் படை கீழயே குந்திக்கினு இருந்துச்சு. தேசிங்கு 1714ல ஆற்காட்டு நவாபுகிட்ட சண்டை போட்டு செத்துட்டான். பாட்டுல அவன் பெரிய ஆளு, அது வேற.

எங்க கதையும் கேளுங்க. எங்கம்மா ஒரு யூனிட்டுக்கு மேல தண்ணி கேன் சுமந்துச்சு. தலைல சும்மாடு வெச்சு ஒரு நாளைக்கு மூணு நடை. மூணாவது நடை உச்சிக்குப் போயி இறக்கி வெக்குது, மேக்கப்காரர் அந்தக் கேனத் தொறந்து கால் கழுவுறாரு. எங்கம்மா ஒண்ணும் சொல்லல, சும்மாட்ட அவுத்து மூஞ்சத் தொடச்சிக்கினு நின்னுச்சு. கூலியில பாதிய அப்புறம் தரேன்னு சொன்னாங்க. அது வரல. அதுகூடப் பரவால்ல.

லைட்மேன்_25வருஷம்:
எல்லா யூனிட்டும் அப்படி இல்ல தம்பி. நாங்க சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவோம்.

செஞ்சிக்காரன்:
நான் எல்லா யூனிட்டும்னு சொல்லலியே.

ஆர்ட்_உதவி:
இதுவரை யாரிடமும் சொல்லாதது. கீழே நெற்களஞ்சியத்துக்குள் ஒரு சீன். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, டபுள் சைடு டேப்பில் கொடித்துணியை ஒட்டினேன். படத்தில் நன்றாகத்தான் வந்தது. பேக்கப் சொன்னதும் அவசரத்தில் டேப்பை இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு கூடவே வந்துவிட்டது. சத்தம்கூட இல்லை. சுற்றிப் பார்த்தேன், யாரும் கவனிக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மராட்டியக் கோட்டைகள் 12 சேர்ந்தன, அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான் என்று செய்தி வந்தபோது டூல் பாக்ஸைத் திறந்து அதை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முட்டை ஓடு மாதிரி வழவழப்பு. அதன் மேல் என் டேப்பின் பசை, தூசி ஒட்டிக் கறுத்திருக்கிறது. சுரண்டலாமா என்று நகத்தை வைத்தேன், சுண்ணாம்பு உதிர்ந்தது. விட்டுவிட்டேன். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் யாரிடம் போய் என்ன சொல்வது?

ஏழாவது_ஏடி:
போற அன்னைக்கு சொல்லுங்க பாஸ், நானும் வர்றேன்.

செஞ்சிக்காரன்:
எடுத்துக்கினு வாங்க. டிக்கெட் கவுண்டர்கிட்ட நிக்கிறேன்.

லைட்மேன்_25வருஷம்:
பஞ்சுல சுத்தி டப்பால வெச்சு எடுத்துட்டுப் போங்க, பஸ் குலுக்கல்ல தூளாயிடும். ராஜகிரி ஏறுறதா இருந்தா காலைலயே போயிடுங்க, மத்தியானத்துக்கு மேல ஏற விடமாட்டாங்க. மோர் மறக்காதீங்க.