யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கராஜாவுக்குக் குருவி பார்க்க: எந்த வாசல், என்ன பைனாகுலர், அட்டைக்கு என்ன வழி?

பண்ணைக்கொக்கு:
மாசி நடுவில நாலு பேர் சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போறம். சுண்டிக்குளம், மண்டைதீவுப் பக்கம் பூநாரையும் உள்ளானும் பார்த்த பழக்கம்தான். 10×50 பைனாகுலர் காணுமோ? எந்த வாசலால போறது? ரத்தம் குடிக்கிற அட்டைக்கு என்ன செய்யிறது?

வெள்ளணப்பஸ்:
மாசி நல்ல காலம். வைகாசியில தென்மேல் பருவம் தொடங்கினால் அட்டைக்குக் கொண்டாட்டம். குடாவ வாசலால போங்கோ. அது 1970களில மரம் தறிச்சு ஏத்தின பாதை. அகலமெண்டபடியால் மேல்கிளையளும் தெரியும். இரவு பஸ்ஸில கொழும்பு, பிறகு களவானை, வெத்தாகல, கடைசித் துண்டுக்கு ஓட்டோ. அண்டைக்கே காட்டுக்குள்ள இறங்க நினையாதேங்கோ, பின்நேரத்தில அடிக்கடி மழை இறங்கும். குடாவையில தங்கி விடியப் போங்கோ. வழிகாட்டி கட்டாயம். குருவி பார்க்கத்தான் வந்தனாங்கள் எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ, இல்லாட்டி கடகடவெண்டு நடத்திக்கொண்டு போயிடுவார்.

கரிச்சான்வால்:
8×42 கிடைச்சால் அதைக் கொண்டு போங்கோ. முதல் எண் எத்தினை மடங்கு பெருப்பிக்கும் எண்டது, மற்றது முன் லென்ஸின்ர விட்டம் மி.மீ.இல. வெளிச்சத்தில பெரிய வித்தியாசமில்லை: கண்ணுக்கு வாற ஒளிவட்டம் 50ஐ 10ஆல் பிரிச்சால் 5 மி.மீ., 42ஐ 8ஆல் பிரிச்சால் 5.25. பிரச்சினை ஒரே நேரத்தில தெரியிற பார்வை வட்டம், 10இல அது பொதுவாய்ச் சின்னது. பூநாரை நிண்ட இடத்தில நிக்கும்; இங்க குருவி இலைக்குப் பின்னால ஒரு நொடிதான். 10இல தேடிப் பிடிக்கிறதுக்குள்ள பறந்திடும்.

அதைவிட முக்கியம் நிண்டு பார்க்கிறது. ஒரு மணித்தியாலம் ஒண்டுமே இராது, பிறகு திடீரெண்டு சிலம்பன் குருவியளின்ர கலகலப்புக் கேக்கும். சிங்கராஜாவில குருவியள் கலந்துதான் இரை தேடும். ஒரு கூட்டத்தில சராசரி 40 குருவி, 11, 12 இனம். செம்மஞ்சள் சொண்டுச் சிலம்பனும் கொண்டைக் கரிச்சானும்தான் முன்னுக்கு. சிலம்பன் போனவுடன நடக்கத் தொடங்கிறதுதான் எல்லாரும் விடுற பிழை. செம்முகப் பூங்குயில் மேல்கிளையில சத்தமில்லாமல் பின்னால வரும். குரலை மட்டும் நம்பாதேங்கோ, கரிச்சான் மற்றக் குருவியளைப் போலவும் கத்தும். கள்ளன்!

பண்ணைக்கொக்கு:
நன்றி. அட்டைக்குச் சாதாரண மேஸ் காணாதோ?

தேசிக்காய்:
காணாது. பின்னின மேஸின்ர கண்ணுக்குள்ளால சின்ன அட்டை பூந்திடும். நெருக்கமாய் நெய்த பருத்தித் துணியில முழங்கால் வரைக்கும் தைச்ச உறை வேணும். காற்சட்டையை அதுக்குள்ள விட்டு மேல கட்டுங்கோ. வெளிப்பக்கம் ஈரச் சவுக்காரம் தேய்ச்சால் ஏறாது, மழையில கழுவுப்பட்டால் திரும்பத் தேய்க்கோணும். கடிச்சால் பிடுங்காதேங்கோ. மெல்லிய நுனிதான் வாய். அதுக்குக் கீழ நகத்தை வைச்சு வழிச்சு விடுங்கோ, பிறகு தடிச்ச பக்கம். கடிச்சுக்கொண்டிருக்கேக்க உப்போ நெருப்போ வைச்சால் குடிச்சதைப் புண்ணுக்குள்ளயே கக்கும். ரத்தம் கனநேரம் வடியும், அட்டையின்ர எச்சில் உறைய விடாது. பயமில்லை, ஆனால் ரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுக்கிற ஆக்கள் டொக்டரிட்டக் கேட்டுப்போட்டு வாங்கோ.

கரிச்சான்வால்:
ஒண்டு விட்டுப்போச்சு. ஏசி அறையில வைச்ச கமராவை விடிய நேரே வெளியில எடுத்தால் லென்ஸில ஈரம் படிஞ்சு பூத்திடும். இரவே ஏசி இல்லாத இடத்தில, இறுக்கிக் கட்டின பொலித்தீன் பையில சிலிக்கா ஜெல்லோட வையுங்கோ. போனில குருவிக் குரல் போட்டுக் கூப்பிடாதேங்கோ. கூட்டை விட்டிட்டுச் சண்டைக்கு வரும்.