பல பார்க் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா? இன்று இரவே முடிவு செய்ய வேண்டும்

வந்து ஐந்து மாதம்:
வணக்கம். அவசரமாக ஒரு யோசனை வேண்டும். நாங்கள் அமெரிக்கா வந்து ஐந்து மாதம் ஆகிறது. குடும்பத்தோடு முதல்முறையாகத் தீம் பார்க் போகிறோம். ஹோட்டலுக்குப் பணம் கட்டியாயிற்று, அது திரும்பக் கிடைக்காது. இப்போது டிக்கெட் பக்கத்தில் வந்து நிற்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பார்க் மட்டும் என்றால் ஒரு விலை. ஒரே நாளில் பார்க் மாறி மாறிப் போகலாம் என்றால் இன்னொரு விலை. ஆறு பேருக்கும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் எங்கள் ஒரு மாத மளிகையைத் தாண்டுகிறது. வீட்டுக்காரர் "ஒரு தடவைதானே போகிறோம், பெரிய டிக்கெட்டாகவே எடு" என்கிறார். எனக்குக் கை வரவில்லை. துணிந்து ஒருமுறை அழுத்தியும் பார்த்தேன், கார்டு டிக்ளைன் ஆகிவிட்டது. ஏன் என்றும் புரியவில்லை. நாளைக்கு விலை ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பல பார்க் டிக்கெட் எடுக்கலாமா, வேண்டாமா?

கலிபோர்னியாவிலிருந்து:
கண்டிப்பாக எடுங்கள். இரண்டு பார்க் வாசலும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஒரு திடல், அவ்வளவுதான். இந்தப் பக்கம் 1955-இல் திறந்த பழைய டிஸ்னிலேண்ட், அந்தப் பக்கம் 2001-இல் திறந்த கலிபோர்னியா அட்வென்ச்சர். ஒன்றில் கூட்டம் நெரிந்தால் ஐந்து நிமிடத்தில் மற்றதற்குள் போய்விடலாம். நாங்கள் ஒரே நாளில் மூன்று முறை மாறினோம். மாறாமல் இருந்திருந்தால் பாதி ரைடு பார்த்திருக்க மாட்டோம். பணத்தைப் பார்க்காதீர்கள்.

இரண்டு பெண்களின் அப்பா:
எந்த ஊர் என்று அவர் இன்னும் சொல்லவே இல்லையே. ஃப்ளோரிடா என்றால் மேலே உள்ளவர் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்வேன். அங்கே டிஸ்னி வேர்ல்ட் ஏறக்குறைய 40 சதுர மைல். நான்கு பார்க்கும் நான்கு மூலையில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பஸ், மோனோரயில், படகு, கம்பியில் தொங்கிப் போகும் ஸ்கைலைனர் என்று ஏதாவது ஒன்றில் ஏறித்தான் போக வேண்டும்.

போன ஏப்ரலில் நாங்கள் பல பார்க் டிக்கெட்தான் எடுத்திருந்தோம். காலையில் அனிமல் கிங்டம், மாலையில் மேஜிக் கிங்டம் என்று திட்டம். மூன்றரைக்குக் கிளம்பினோம். பஸ்ஸுக்கு நின்றது, ஸ்ட்ரோலரை மடித்தது, இறங்கி விரித்தது, மறுபடியும் பைச் சோதனை, மறுபடியும் வாசல் என்று உள்ளே கால் வைக்கும்போது மணி ஐந்து. சின்னவள் என் தோளில் தூங்கிவிட்டாள். ஒரு காலில் செருப்பு இல்லை, எங்கே விழுந்தது என்றும் தெரியவில்லை. பெரியவள் கோட்டையைப் பார்த்து "அப்பா, ரூமுக்குப் போகலாமா?" என்று கேட்டாள். நான் ஆசையாகக் காட்ட நினைத்த இடம் அது. ஒன்றும் பேசாமல் திரும்பினோம். கூடுதலாகக் கட்டிய பணம் அத்தனையும் அந்த ஒரு மாலைக்காகத்தான்.

பதினெட்டு வருடமாக இங்கே:
தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து மாதத்தில் இவ்வளவு பெரிய செலவு தேவையா என்று முதலில் யோசியுங்கள். நாங்கள் வந்த முதல் வருடம் வீட்டு வாடகைக்கு முன்பணம், மெத்தை, குளிர்கால ஜாக்கெட் என்று எல்லாம் சேர்ந்து கையில் ஒன்றுமே தங்கவில்லை. கார் இல்லை. பனியில் இருபது நிமிடம் நடந்து போய்ப் பால் வாங்கி வருவேன், கை மரத்துப் போய்க் கதவைச் சாவியால் திறக்க முடியாமல் நிற்பேன். ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைத்துவிட்டு அப்புறம் ஊர் சுற்றுங்கள். பார்க் எங்கேயும் ஓடிவிடாது.

டல்லாஸ் தம்பி:
அண்ணா சொல்வது சரிதான், ஆனால் ஹோட்டல் பணம் போய்விட்டதே, இனி அதைப் பேசி என்ன பயன்? கார்டு விஷயம் எனக்குத் தெரியும். எனக்கும் வந்த புதிதில் கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய பதிவு, கிடையாது. 500 டாலர் டெபாசிட் கட்டி, 500 டாலர் லிமிட்டில் ஒரு செக்யூர்டு கார்டு கொடுத்தார்கள். அந்த லிமிட்டில் ஆறு பேர் டிக்கெட் எப்படி ஏறும்? இன்னொரு காரணமும் உண்டு. திடீரென்று பெரிய தொகை போனால் வங்கி சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். "இது நீங்கள்தானா?" என்று போனுக்கு மெசேஜ் வந்திருக்கும். அதற்குப் பதில் அனுப்பிவிட்டு மறுபடி போட்டால் போய்விடும். எனக்கு இதைச் சொல்லித் தர யாருமே இல்லை. மூன்று வாரம் கார்டு வேலை செய்யவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர் வேண்டாம்:
டிக்கெட்டை எங்கே எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாங்கள் வந்த புதிதில் சாலையோரக் கடை ஒன்றில் பாதி விலைக்குத் தருகிறோம் என்றார்கள். போன பிறகுதான் தெரிந்தது, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து டைம்ஷேர் (விடுமுறை வீட்டில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமை) விற்பவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்று. இரண்டு மணி நேரம் நாலரை மணி நேரம் ஆனது. கையெழுத்துப் போடாமல் எழுந்து வர முடியாதபடி ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். என் மனைவி அழுதே விட்டாள். புதிதாக வந்தவர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பதினெட்டு வருடமாக இங்கே:
அதையேதான் நானும் சொல்கிறேன். எங்களுக்கும் ஒரு ஹோட்டலில் ரூம் வாடகைக்கு மேல் "ரிசார்ட் ஃபீ" என்று தினமும் தனியாக வாங்கினார்கள். முன்னால் கண்ணில் படவில்லை, கடைசி நாளில்தான் பில்லில் பார்த்தேன். காட்டிய விலை ஒன்று, கட்டிய விலை ஒன்று. இந்த நாட்டில் வரியும் கடைசியில்தான் சேரும்.

டல்லாஸ் தம்பி:
டிப்ஸை விட்டுவிட்டீர்களே அண்ணா. இன்றைக்கும் எவ்வளவு வைப்பது என்று ஒவ்வொரு தடவையும் தயங்குகிறேன்.

நர்ஸ் அக்கா:
எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெண் ராத்திரி பதற்றத்தோடு கேட்டிருக்கிறாள். நாம் டிப்ஸ் வரைக்கும் வந்துவிட்டோம்.

ஐந்து விவரம் வேண்டும் அம்மா. எந்த ஊர் பார்க்? எந்தத் தேதி? எத்தனை நாள்? பிள்ளைகளுக்கு வயது என்ன, போகும் தேதியன்று எவ்வளவு இருக்கும்? கார் கையில் இருக்குமா? இதைச் சொல்லாமல் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. இதற்கிடையில் டிக்கெட் பக்கத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். விலை நீங்கள் போகும் தேதியை வைத்துத்தான். அவ்வப்போது ஏற்றுவார்கள், உண்மைதான். ஆனால் ஒரு இரவு யோசிப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

வந்து ஐந்து மாதம்:
மன்னிக்கவும் அக்கா, ஊரையே சொல்லாமல் கேட்டிருக்கிறேன். ஆர்லாண்டோ, டிஸ்னி வேர்ல்ட். டிசம்பர் 27 முதல் 31 வரை அங்கே இருப்போம். மூன்று நாள் டிக்கெட் பார்த்திருக்கிறேன். நாங்கள் இரண்டு பேர், மாமனார், மாமியார், மகன், மகள். மாமியாருக்கு முழங்கால் வலி, அவர்கள் இரண்டு பேரும் பிப்ரவரியில் ஊருக்குத் திரும்புகிறார்கள், அதனால்தான் இப்போதே போகிறோம். மகனுக்கு நவம்பரில் பத்து முடிகிறது. மகளுக்கு ஜனவரி 12 அன்று மூன்று முடியும். இரண்டு பேருக்கும் குழந்தை டிக்கெட் போட்டேன். நார்த் கரோலினாவிலிருந்து எங்கள் காரிலேயே வருகிறோம். ஹோட்டல் டிஸ்னிக்கு வெளியே. அவர்களுடைய இலவச ஷட்டில் காலையில் ஒரு முறை போய், இரவில் ஒரு முறை திரும்புமாம்.

நர்ஸ் அக்கா:
பார்த்தீர்களா, டிக்கெட்டில் பாதி விஷயம் இதில்தான் இருந்தது. மூன்று வயது முடியாத குழந்தைக்கு அங்கே டிக்கெட்டே கிடையாது. மகளை எடுத்துவிடுங்கள். 3 முதல் 9 வரைதான் குழந்தை டிக்கெட், 10 முடிந்தால் பெரியவர் கணக்கு. மகனுக்குப் பெரியவர் டிக்கெட் எடுங்கள். ஆக ஆறு இல்லை, ஐந்து. திரையில் காட்டும் விலைக்கு மேல் 6.5 சதவீதம் வரி சேரும், அதையும் இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ஒரே டிக்கெட் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாமியாருக்கு இரண்டு நாள் போதும் என்றால் இரண்டு நாள் மட்டும் எடுங்கள். அவர்கள் வராத நாளில் துணைக்கு மாமனாரும் ரூமில் இருக்கலாம். அந்த டிக்கெட் வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாதது, அதனால் பேசி முடிவு செய்துவிட்டு எடுங்கள். மூன்று நாள் டிக்கெட்டைத் தொடர்ந்து மூன்று நாளில் தீர்க்கவும் வேண்டாம், முதல் நாளிலிருந்து 5 நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். நீங்கள் 27 முதல் 31 வரை இருக்கிறீர்கள், சரியாக ஐந்து நாள். நடுவில் ஒரு நாள் ஓய்வு வைத்தே ஆக வேண்டும். பத்தாயிரம் காலடி நடந்த முழங்காலை அடுத்த நாள் காலையில் நான் வேலையில் தினமும் பார்க்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வேண்டாம். அதைவிட, இப்போது வேண்டாம். ஒரு பார்க் டிக்கெட்டை எடுத்துவிட்டு, அங்கே போன பிறகு தேவைப்பட்டால் பார்க் ஹாப்பராக, அதாவது நீங்கள் கேட்ட பல பார்க் டிக்கெட்டாக, ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஹாப்பரை எடுத்துவிட்டு வேண்டாம் என்று இறக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அவரும் ஒத்துக்கொள்வார்.

கலிபோர்னியாவிலிருந்து:
ஃப்ளோரிடா என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். இருந்தாலும் ஒரு கேள்வி. அங்கே நான்கு பார்க், இவர்களுக்கு இருப்பது மூன்று நாள். ஒன்றை விட்டுவிட வேண்டியதுதானா? அனிமல் கிங்டம் பெரும்பாலும் சீக்கிரமே மூடிவிடும். அதைக் காலையில் முடித்துவிட்டு இரவுக்கு எப்காட் போனால் நான்கையும் பார்த்துவிடலாமே.

இரண்டு பெண்களின் அப்பா:
இரண்டு வயதுக் குழந்தையோடும் முழங்கால் வலியோடும் நான்கு பார்க் எதற்கு? ஒன்றை விட்டாலும் மூன்றை நிம்மதியாகப் பார்க்கலாம். அதுவும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வருஷத்திலேயே கூட்டம் அதிகமான வாரம் அது. ஹாப்பர் கையில் இருந்தாலும், அடுத்த பார்க்கில் இடம் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

யுனிவர்சல் ரசிகை:
ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், பின்னால் யாருக்காவது உதவும். டிஸ்னி இல்லாமல், ஆர்லாண்டோவிலேயே இருக்கும் யுனிவர்சல் தீம் பார்க் போவதாக இருந்தால் கணக்கு வேறு. ஹாரி பாட்டர் ரயில் ஒரு பார்க்கிலிருந்து இன்னொரு பார்க்குக்கு ஓடுகிறது. அதில் ஏற இரண்டு பார்க்குக்குமான டிக்கெட் கட்டாயம் வேண்டும். வாசலில் வந்து பிள்ளைகள் ஏமாந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 2025 மே மாதம் திறந்த அவர்களுடைய புதிய பார்க் எபிக் யுனிவர்ஸ் அந்த இரண்டோடு ஒட்டி இல்லை, தள்ளி இருக்கிறது.

நர்ஸ் அக்கா:
நல்ல தகவல். நான்கையும் பார்க்க ஆசை இருந்தால் ஒரு வழி இருக்கிறது. எப்காட்டும் ஹாலிவுட் ஸ்டுடியோஸும் ஸ்கைலைனரில் இணைந்தவை, நடந்தே போகவும் பாதை உண்டு. மூன்றாம் நாள் காலையில் எப்காட்டில் இருங்கள். மதியத்துக்கு மேலும் காலில் தெம்பு இருந்தால் அப்பாவுக்கும் மகனுக்கும் மட்டும் ஹாப்பரை ஏற்றி, அவர்களை ஹாலிவுட் ஸ்டுடியோஸ் அனுப்புங்கள். பத்து வயதுப் பையனுக்கு ஸ்டார் வார்ஸ் பகுதி அங்கேதான் இருக்கிறது. இரண்டு பேருக்குக் கட்டுவதும் ஐந்து பேருக்குக் கட்டுவதும் ஒன்றா?

மேஜிக் கிங்டமுக்கு முதல் நாளே போய்விடுங்கள். 31-ஆம் தேதி அந்தப் பக்கமே வேண்டாம். காரை நிறுத்தினால் நேரே வாசலில் இறங்க முடியாது, ஏரியைத் தாண்ட மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும், அதற்கே நேரம் ஒதுக்குங்கள். ஹோட்டல் ஷட்டிலை நம்ப வேண்டாம், குழந்தை மதியம் இரண்டு மணிக்கு அழுதால் இரவு வரை காத்திருக்க வேண்டிவரும். சொந்தக் காரில் போங்கள். ஒரு நாள் பார்க்கிங் கட்டினால் அன்றைக்கு மற்ற பார்க்கிலும் அதுவே செல்லும். சக்கர நாற்காலி வாசல் அருகே வாடகைக்குக் கிடைக்கும், முதலில் வருபவர்களுக்குத்தான், அதனால் திறக்கும் முன்பே போய் நில்லுங்கள்.

மகள் உயரம் போதாத ரைடுகளில் "ரைடர் ஸ்விட்ச்" என்று கேளுங்கள். ஒருவர் மகனோடு ஏறுவார், மற்றவர் குழந்தையோடு இருப்பார். பிறகு அவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமலே ஏறலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. சாப்பாடும் கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. மாமனார் மாமியாருக்குக் கட்டுச்சோறு கட்டிவிடுங்கள், நேரத்துக்குச் சாப்பிட்டால்தான் மாத்திரையும் நேரத்துக்கு உள்ளே போகும்.

வந்து ஐந்து மாதம்:
அக்கா, அழுகையே வந்துவிட்டது. வங்கியிலிருந்து மெசேஜ் வந்துதான் இருக்கிறது, தம்பி சொன்ன மாதிரியே. ஏதோ மோசடி மெசேஜ் என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது ஐந்து டிக்கெட் எடுத்தாயிற்று. எங்கள் மூவருக்கும் மாமனாருக்கும் மூன்று நாள், மாமியாருக்கு இரண்டு நாள். ஹாப்பர் இல்லை. தனக்கு ஒரு நாள் லீவு என்றதும் மாமியாருக்குத்தான் அதிகச் சந்தோஷம். மாமனார் அன்றைக்கும் வந்தே தீருவேன் என்கிறார். வீட்டுக்காரர் விலையைப் பார்த்துவிட்டு, "மிச்சத்தில் மகனும் நானும் மட்டும் அந்த ஒரு நாள் மாறிக்கொள்கிறோம்" என்றார். குழந்தைக்கு ஸ்ட்ரோலர் இங்கிருந்தே எடுத்து வரலாமா?

நர்ஸ் அக்கா:
எடுத்து வாருங்கள். 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும், அளந்து பாருங்கள். ரைடுக்குப் போய்த் திரும்பினால் வண்டியை வேறு இடத்துக்கு நகர்த்தியிருப்பார்கள். கைப்பிடியில் பளிச்சென்று ஒரு துணி கட்டிவிடுங்கள்.

இரண்டு பெண்களின் அப்பா:
குழந்தைக்குச் செருப்பு வேண்டாம். ஒட்டும் பட்டை வைத்த ஷூ போடுங்கள்.