ஃபீல்டு வேலைக்கு கையில எடுத்துட்டுப் போற வயர்லெஸ் பிரிண்டர்: எதை எடுக்கிறது, எப்படி செட் பண்றது?

ஸ்பேனர்கை:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய கேள்வி, பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க. நான் ஜெனரேட்டர், யுபிஎஸ் சர்வீஸ் பண்றவன், ஒரு நாளைக்கு 5, 6 இடம் பைக்லயே சுத்தணும். ஒவ்வொரு இடத்துலயும் வேலை முடிஞ்சதும் 2 பக்க சர்வீஸ் ரிப்போர்ட் எழுதி கையெழுத்து வாங்கணும், ஒரு காப்பி அவங்க ஃபைலுக்கு, ஒண்ணு நமக்கு. இப்ப வரைக்கும் கார்பன் பேப்பர் வச்ச புக்குலதான் ஓடுது, அடியில இருக்கிற காப்பில என் கையெழுத்து எனக்கே புரியாது, அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தர் உக்காந்து அதைத் திரும்ப டைப் அடிக்கிறார். போன்லயே நிரப்பி அங்கயே பிரிண்ட் எடுத்துக் குடுத்துடலாமேன்னு பாக்குறேன். அதுபோக ஸ்பேர் ஏதாவது மாத்தினா அதுக்கு ஒரு துண்டு ரசீது வேணும், அது தமிழ்ல இருந்தா நல்லாருக்கும்.

ஃப்ரெண்டுகிட்ட சும்மா கிடந்த 2 இஞ்ச் ப்ளூடூத் பிரிண்டர் ஒண்ணை வாங்கி 2 நாளா மல்லுக்கட்டுறேன். போனோட பேரிங் ஆகுது, ஆனா பிரிண்ட் மெனுவுல போய் பாத்தா அந்த பிரிண்டர் பேரே வரல. அப்புறம் ஒரு ஆப் போட்டேன், அதுல இங்கிலீஷ் வருது, தமிழ் போட்டா வரிசையா ????? தான். கூட வேலை பாக்குற பையன்கிட்ட ஐபோன், அதுல பேரிங்கே ஆகல. பிரிண்டர் பழுதா இல்ல எனக்குத்தான் தெரியலையா? ஏ4 அடிக்கவும் ரசீது அடிக்கவும் ஒரே மெஷின் கிடைக்குமா?

ரோல்பேப்பர்:

பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு, விட்டெறிஞ்சுடாதீங்க. நீங்க சொன்ன மூணும் மூணு தனித்தனி விஷயம்.

ரசீது பிரிண்டர்ங்கிறது ஆபீஸ் பிரிண்டர் மாதிரி இல்ல, அதுக்குன்னு ஒரு தனி கட்டளை மொழி, ஈஎஸ்சி பாஸ்னு எப்சன் கொண்டுவந்தது, இன்னைக்கு பாதிக்கு மேல சின்ன பிரிண்டர்கள் அதையே பேசுது. போனோட பிரிண்ட் மெனு தேடுறது ஏர்பிரிண்ட் (ஐபோன்ல), மோப்ரியா (ஆண்ட்ராய்டுல) மாதிரி முறைல பேசுற நெட்வொர்க் பிரிண்டர்களை, அதனால ப்ளூடூத்ல பேர் ஆகியிருந்தாலும் மெனுவுல வராது. ஆப் வழியாதான் போகணும், வேற வழி தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

ஐபோன் கதை வேற. பழைய வகை ப்ளூடூத்ல சீரியல் போர்ட் மாதிரி வேலை செய்ற பிரிண்டரோட, எம்எஃப்ஐ அனுமதி (வெளிக் கம்பெனி சாதனத்துக்கு ஆப்பிள் குடுக்கிற சான்று) இல்லன்னா ஐபோன் ஆப் பேசவே பேசாது. பிஎல்இ, அதாவது கம்மி பவர்ல ஓடுற புது வகை ப்ளூடூத், இருக்கிற மாடலா இருந்தா பேசும், ஆனா அது செட்டிங்ஸ்ல பேர் பண்ற விஷயமே இல்ல, ஆப்புக்குள்ளயே தேடி எடுக்கணும். வாங்கும்போது "ப்ளூடூத் இருக்கு"ன்னு மட்டும் பாத்து ஏமாறாதீங்க, ஐபோன்ல ஓடுமான்னு தனியா பாருங்க.

இப்ப தமிழ். இதுல நானே ஒரு வாரம் மண்டையை உடைச்சிருக்கேன். அந்த மெஷினுக்குள்ள இருக்கிற எழுத்து அட்டவணைல இங்கிலீஷ், கொஞ்சம் ஐரோப்பிய எழுத்து, சிலதுல சீன எழுத்து இருக்கும், தமிழ் இருக்காது. இருந்தாலும் நம்ம எழுத்து ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு வச்சா முடியுற கதையா, "கொ"ன்னு அடிச்சா கொம்பு முன்னாடி போகணும், கால் பின்னாடி வரணும், அந்த வேலையெல்லாம் அந்தச் சின்ன சிப்புக்குத் தெரியாது. அதனால போன்லயே தமிழை எழுதி, அதை படமா மாத்தி, படத்தை அனுப்பணும். ஆப்ல "இமேஜா பிரிண்ட் பண்ணு"ங்கிற மாதிரி ஒரு செட்டிங் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ரசீதை பிடிஎஃப்பா பண்ணி பிடிஎஃப் அடிக்கிற ஆப் வழியா அனுப்புங்க.

படத்தோட அகலம் முக்கியம். உங்க 2 இஞ்ச் மெஷின்ல போடுற 58 மிமீ ரோல்ல நிஜமா பிரிண்ட் ஆகுறது 48 மிமீதான், மிமீக்கு 8 புள்ளி, ஆக 384 புள்ளி. 80 மிமீ ரோல்ல 72 மிமீ, 576 புள்ளி. அகலத்தை சரியா அதே அளவுல வைங்க, இல்லன்னா ஆப் அதை சுருக்கி, புள்ளியும் கொம்பும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி "ன"வா "ண"வான்னே தெரியாது. ரொம்ப மெல்லிசான ஃபான்ட்டும் வேணாம், கொஞ்சம் தடிச்சதா எடுங்க. இன்னொண்ணு, படம்னா டேட்டா அதிகம். 384 புள்ளி ஒரு வரிக்கு 48 பைட், 10 செமீ நீள ரசீதுக்கு 800 வரி, கிட்டத்தட்ட 38 ஆயிரம் பைட், வெறும் எழுத்தா அனுப்பினா சில நூறு பைட்ல முடிஞ்சிருக்கும். சில சின்ன மெஷின் இதை மொத்தமா வாங்கிக்க முடியாம பாதில கண்டகண்ட எழுத்தைக் கக்கும், அப்படி வந்தா ஆப்ல வேகத்தைக் குறைக்கிற செட்டிங் இருந்தா குறைங்க.

ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க, பிரிண்டரை ஆஃப் பண்ணி, ஃபீட் பட்டனை அமுக்கிட்டே ஆன் பண்ணுங்க, பெரும்பாலான மாடல்ல ஒரு செல்ஃப் டெஸ்ட் சீட்டு வரும், அதுல ப்ளூடூத் பேர், எழுத்து அட்டவணை எல்லாம் இருக்கும். இதுல போடுறது சூடு பட்டா கறுக்கிற தெர்மல் பேப்பர், மை கிடையாது. சீட்டு வெள்ளையா வந்தா பேப்பர் தலைகீழா மாட்டியிருக்கீங்க, நகத்தால கீறிப் பாருங்க, கறுப்பா கோடு விழுற பக்கம்தான் ஹெட்டை (எழுத்தை அடிக்கிற பாகத்தை) பாக்கணும். பேரிங் நம்பர் கேட்டா 0000, இல்ல 1234.

மைகாயாதவன்:

ரசீது மேட்டரை மேல உள்ள அண்ணன் முடிச்சுட்டார், நான் ஏ4க்கு வர்றேன். ஒரே மெஷின்ல ரெண்டும் வேணும்னு நினைக்காதீங்க, அலைச்சல்தான் மிஞ்சும். எந்த பிரிண்டர்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர் கஸ்டமர்கிட்ட எத்தனை நாள் இருக்கணும்னு யோசிங்க. ரசீது ஒரு மாசம் இருந்தா போதும். சர்வீஸ் ரிப்போர்ட் அடுத்த ஆடிட் வரைக்கும், சில இடத்துல வருஷக்கணக்கா ஃபைல்ல கிடக்கும்.

ஏ4ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு தெர்மல், பிரதர் பாக்கெட்ஜெட் மாதிரி, ஒரு குச்சி மாதிரி நீளமா இருக்கும், அரை கிலோ சுமாருக்கு, மை கிடையாது, அடைப்பு கிடையாது, பைக் பேக்ல ஒரு ஓரமா போயிடும். ஆனா அதுக்கு தெர்மல் பேப்பர்தான், சாதா ஏ4 வச்சா ஒண்ணும் வராது, பேப்பர் தீந்துபோனா கஸ்டமர் ஆபீஸ்ல ரெண்டு ஷீட் கடன் வாங்கவும் முடியாது. இன்னொண்ணு இங்க்ஜெட், எச்பி ஆபீஸ்ஜெட் 200, கேனான் டிஆர்150, எப்சன் டபிள்யூஎஃப்-110 இதெல்லாம். எப்சன் 1.6 கிலோ, பேட்டரி உள்ளயே இருக்கு. மத்த ரெண்டும் 2 கிலோ சுத்தி, கேனான்ல பேட்டரி தனியா மாட்டுற மாதிரி, அதனால வாங்குறப்ப பெட்டிக்குள்ள பேட்டரி இருக்கான்னு பாத்துக்கோங்க. எச்பில 250ன்னு ஒண்ணு, ஸ்கேனரும் சேந்தது, கையெழுத்து வாங்கின காப்பியை அங்கயே ஸ்கேன் பண்ணிடலாம், ஆனா எடை கூடும், போன் கேமராவே அந்த வேலையைப் பாக்கும்னு என் நினைப்பு.

உங்க வேலைக்கு நான் இங்க்ஜெட்தான் சொல்வேன். ஜெனரேட்டர் ரூம் சூட்டுல மாட்டி வைக்கிற ஃபைல்ல தெர்மல் பேப்பர் மங்கும். ஆனா இங்க்ஜெட்டுக்குக் கொஞ்சம் மரியாதை குடுக்கணும். முதல் விஷயம், அணைக்கிறது எப்பவும் பவர் பட்டன்ல, அப்பதான் ஹெட் ஓரமா போய் மூடிக்கும், பாதில பேட்டரியை உருவினா ஹெட் திறந்தபடி நின்னு மை காய்ஞ்சுடும். வேலை இல்லாத வாரத்துலயும் ஒரு நாசில் செக் பக்கம் (மை வர்ற துளை அடைச்சிருக்கான்னு காட்டுற டெஸ்ட் பக்கம்) அடிச்சிடுங்க. பேக்ல படுக்க வச்சு எடுத்துட்டுப் போங்க, செங்குத்தா நிறுத்தாதீங்க. கறுப்பு மை பிக்மென்ட்டான்னு (தண்ணில கரையாத துகள் மை) பாருங்க, கிரீஸ் கையோட ஈரக் கையோட தொடுற பேப்பர், டை மைன்னா (கரைஞ்ச சாய மை) கலைஞ்சு போகும். நான் இதெல்லாம் கேக்காம முதல் கார்ட்ரிட்ஜை காயவிட்டே கொன்னேன், அடைப்பு எடுக்க க்ளீனிங் ஓட்டி ஓட்டியே மிச்ச மையும் போச்சு.

பேப்பர்லெஸ்_பாண்டி:

இதுக்கு எதுக்குங்க பிரிண்டர்? போன் ஸ்கிரீன்லயே விரலால கையெழுத்து வாங்கி பிடிஎஃப் அனுப்பிட்டுப் போயிட்டே இருக்கலாம். 2 கிலோவை முதுகுல சுமந்துட்டு, பேட்டரி சார்ஜ் பண்ணி, மை காயாம தாலாட்டி... பாவம்.

ஸ்பேனர்கை:

பாண்டி, நானும் அதைத்தான் முதல்ல கேட்டேன். பாதி இடத்துல மெஷின் பக்கத்துல ஒரு ஃபைல் தொங்கும், அதுல பேப்பர் இருந்தாதான் அவங்களுக்கு சர்வீஸ் நடந்ததாவே அர்த்தம். இன்னொண்ணு, பேஸ்மென்ட் ரூம்ல சிக்னலே இருக்காது, பிடிஎஃப் எங்க போகும்?

ரோல்பேப்பர் அண்ணா, இமேஜ் செட்டிங் போட்டதும் தமிழ் வந்துடுச்சு, கண்ல தண்ணியே வந்துருச்சு! மைகாயாதவன் சொன்னதைப் படிச்சுட்டு ஒருத்தர்கிட்ட இங்க்ஜெட் ஒண்ணை ரெண்டு நாளைக்குக் கடன் வாங்கிப் பாத்தேன். வீட்டு வைஃபைல சூப்பரா ஓடுது. வெளிய போனதும் கழுத்தறுக்குது. கஸ்டமரோட வைஃபைல சேக்கவே முடியல, ஒரு இடத்துல சேந்தும் போன் பிரிண்டரைப் பாக்கவே இல்ல.

கேபிள்வேணாம்:

கஸ்டமர் வைஃபையை மறந்துடுங்க. லாகின் பக்கம் திறந்து நம்பர் போடச் சொல்ற வைஃபைல பிரிண்டர் எப்படி லாகின் பண்ணும், அதுக்கு பிரவுசரா இருக்கு? சேந்தாலும் பல இடத்துல ஒரு டிவைஸ் இன்னொரு டிவைஸைப் பாக்க முடியாதபடி பிரிச்சு வச்சிருப்பாங்க, அது பாதுகாப்புக்குப் பண்றது, நாம குறை சொல்ல முடியாது. அடுத்தவங்க நெட்வொர்க்ல நம்ம மெஷினைச் சேக்குறதும் சில ஆபீஸ்ல பிரச்சனை ஆயிடும்.

வைஃபை டைரக்ட்தான் உங்களுக்கு. பிரிண்டரே ஒரு சின்ன வைஃபையைக் கிளப்பும், பேர் பெரும்பாலும் டைரக்ட்னு ஆரம்பிக்கும், பாஸ்வேர்டு பிரிண்டரோட ஸ்டேட்டஸ் பக்கத்துல இருக்கும். போனை அதுல சேருங்க. இன்டர்நெட்டும் வேணாம் சிக்னலும் வேணாம், பேஸ்மென்ட்லயும் ஓடும். இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறது: போன் "இந்த வைஃபைல இன்டர்நெட் இல்ல"ன்னு முனகும், சிலது சொல்லாமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும், பிரிண்டர் காணாமப் போயிடும். அதனால இன்டர்நெட் இல்லாட்டியும் இதுலயே இருன்னு அமுக்குங்க, அப்பவும் தாவினா பிரிண்ட் எடுக்கிற ரெண்டு நிமிஷத்துக்கு மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிடுங்க. ரிப்போர்ட்டை முன்னாடியே பிடிஎஃப்பா போன்ல சேவ் பண்ணிக்கோங்க, ஃபார்ம் நெட்ல இருந்தா அந்த நேரத்துல திறக்காது.

ஆண்ட்ராய்டு 8ல இருந்தே மோப்ரியா அடிப்படையிலான பிரிண்ட் சர்வீஸ் போன்லயே வருது, செட்டிங்ஸ்ல அது ஆன்ல இருக்கான்னு மட்டும் பாருங்க. பையனோட ஐபோன் ஏர்பிரிண்ட்லயே பாத்துக்கும், அது 2010ல வந்த சமாச்சாரம், தனி ஆப் வேணாம். லேப்டாப்பும் கொண்டுபோறீங்கன்னா போன் ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்பையும் பிரிண்டரையும் சேத்துடலாம், ஆனா சின்ன பிரிண்டர் நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும், ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸ்ல இருந்தா பிரிண்டர் கண்ணுக்கே தெரியாது. புது ஐபோன்கள்ல ஹாட்ஸ்பாட் பக்கத்துலயே கம்பாட்டிபிலிட்டியைக் கூட்டுற பட்டன் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா 2.4க்கு வந்துடும்.

ரோல்பேப்பர்:

தமிழ் வந்ததுல சந்தோஷம். சொல்ல மறந்தது ரெண்டு. அந்தச் சின்ன பிரிண்டர்ல சி டைப் ஓட்டை இருந்தா, ரெண்டு பக்கமும் சி இருக்கிற கேபிள்ல சில மாடல் சார்ஜே ஏறாது, ஒரு முனை பழைய தட்டை யுஎஸ்பி (ஏ டைப்), இன்னொரு முனை சி இருக்கிற கேபிள்ல ஏறும், பேட்டரி செத்துடுச்சுன்னு பயந்துடாதீங்க. அப்புறம் ரசீதுல கம்பெனி லோகோவை கறுப்புக் கட்டமா போடாதீங்க, கறுப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு புள்ளியையும் ஒரே நேரத்துல சூடாக்கணும், பேட்டரி கீழ இருக்கும்போது அந்த இடத்துல மங்கும், இல்ல மெஷினே அணைஞ்சு ஆன் ஆகும்.

ரசீதை கஸ்டமர் லேமினேட் பண்ணப் போறேன்னா தடுத்துடுங்க. ஒருத்தர் வாரன்டி ரசீது பத்திரமா இருக்கணும்னு லேமினேஷன் மெஷின்ல விட்டார், முழுக் கறுப்பா வெளிய வந்துச்சு, அதைத் தூக்கிட்டு என்கிட்டயே சண்டைக்கு வந்தார். பிவிசி கவர்ல போட்டு வச்சாலும், சானிட்டைசர் கையால தொட்டாலும் எழுத்து போகும்.

ஸ்பேனர்கை:

அப்டேட். இங்க்ஜெட் எடுத்துட்டேன், துண்டு ரசீதுக்கு அந்தப் பழைய 2 இஞ்ச்சே போதும்னு விட்டுட்டேன். வைஃபை டைரக்ட் இன்னைக்கு மூணு இடத்துல ஓடிச்சு, முதல் இடத்துல மட்டும் மொபைல் டேட்டாவை அணைக்க மறந்து அஞ்சு நிமிஷம் பிரிண்டரைத் திட்டிட்டு இருந்தேன். பைக் பாக்ஸ்ல வெயில்ல வைக்கலாமான்னு கேக்கலாம்னு இருந்தேன், பேட்டரியும் மையும் உள்ள இருக்குன்னு நினைச்சுட்டு நானே முதுகுப் பைக்கு மாத்திட்டேன். பேப்பருக்குத்தான் ஒரு வழி சொல்லுங்க, பைல வச்ச ஏ4 ஓரம் மடங்கி ரெண்டு தடவை ஜாம் ஆச்சு.

மைகாயாதவன்:

ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல 20, 30 ஷீட் மட்டும் வச்சு ரப்பர் பேண்ட் போட்டு, பிரிண்டரோட சேத்தே ஒரே உறைல சொருகுங்க. ஈரம் படாம பாத்துக்கோங்க, நமத்த பேப்பர் இந்தச் சின்ன ரோலருக்கு ஆகவே ஆகாது. ட்ரேல மொத்தமா அடுக்காம 10 ஷீட் மாதிரி வச்சாலே பாதி ஜாம் குறையும்.